டபிள்யூபிஏ2 ரவுட்டரா, டபிள்யூபிஏ3 ரவுட்டரா?

ரவுட்டர் பெட்டியில் வேகம்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். பாதுகாப்பு முறை எங்கோ மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

வைஃபை பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் அதன் ஏஇஎஸ் குறியாக்கம் இன்றும் வலுவானதுதான். சிக்கல் கடவுச்சொல்லில். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் நொடியில் பரிமாறப்படும் தகவலை ஒருவர் பிடித்துவிட்டால் போதும். தன் கணினியில் நிதானமாகக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைத்த எட்டெழுத்துக் கடவுச்சொல் அதிக நேரம் தாங்காது.

2018-இல் வந்த டபிள்யூபிஏ3 அடைப்பது இந்த ஓட்டையைத்தான். ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். அப்புறம், கடவுச்சொல் பின்னாளில் கசிந்தாலும், முன்பே பதிவுசெய்து வைத்த தரவைப் பிரித்துப் படிக்க முடியாது. குறையே இல்லையா என்றால், உண்டு. 2019-இல் இதிலும் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். மென்பொருள் புதுப்பிப்புகள் வந்தன.

பழைய பிரிண்டர், கேமரா போன்றவை பல இதில் இணையாது. இரண்டும் கலந்த முறை இருக்கிறது, ஆனால் அதில் பழைய கருவிக்குக் கிடைப்பது பழைய பாதுகாப்புதான். அவற்றை வேறு கடவுச்சொல்லோடு விருந்தினர் நெட்வொர்க்கில் தனியே விடுவது மேல்.

புதிதாக வாங்கினால் டபிள்யூபிஏ3-தான், யோசிக்கவே வேண்டாம். கையில் இருப்பது டபிள்யூபிஏ2, அதற்குப் புதுப்பிப்பும் வருகிறதா? சரி, இருக்கட்டும். கடவுச்சொல்லை நீளமாக்குங்கள், கடவுச்சொல் தட்டாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.