டைல்ஸ் தொடங்கும் இடத்தில் கார்னிஸ்: கோத்தகிரி வீட்டில் 4 வருட அனுபவம்

எங்கள் வீடு பழசு. மேலே பலகை மச்சு. அது சுவரைத் தொடுகிற இடம் முழுக்க விரிசலும் ஒட்டடையும்தான். அதை மறைக்கத்தான் 4 வருடத்துக்கு முன்பு கார்னிஸ் வைத்தோம், அதாவது சுவரும் மச்சும் சேரும் கோட்டை மூடும் வளைவான பட்டை. கூடத்தில் மரம், சமையலறையில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). கூடத்தில் வைத்தது இன்றும் நிற்கிறது. சமையலறையில் வைத்தது இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

தப்பு பிஓபி மேல் மட்டும் இல்லை. அடுப்புக்குப் பின்சுவரில் மச்சு வரைக்கும் டைல்ஸ், மற்ற சுவர்களில் வெறும் பூச்சு. டைல்ஸ் கனம் 8 மி.மீ., அடியில் ஒட்டுச்சாந்து. ஆக, சுவர் அந்த இடத்தில் ஒரு விரல் அளவு முன்னே வந்துவிடுகிறது. வேலைக்கு வந்தவர் அந்தப் படியைப் பிஓபியாலேயே நிரப்பி, டைல்ஸ் மேலும் இழுத்துவிட்டார். வழுவழுப்பான டைல்ஸில் அது எப்படிப் பிடிக்கும்? ஊட்டிக்கு ஆனி, ஆடி மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. வெளியே வாரக்கணக்கில் ஈரம், உள்ளே குக்கர் ஆவி. முதலில் பழுப்புக் கறை, அப்புறம் மெத்தென்று ஒரு ஊறல். ஒரு காலையில் முழ நீளத் துண்டு தோசைக்கல் மேலேயே விழுந்தது. நல்லவேளை, ஊற்றியிருந்தது முதல் தோசைதான்.

மறுபடி செய்ய மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெரிய ஆசாரி வந்தார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல ஒரு மூலையாவது மூலையா இருக்குதுங்களா அம்மணி?" என்று சிரித்தார். ஒரு மூலை 93 டிகிரி. இரண்டு பக்கமும் 45 வெட்டினால் வாய் பிளக்கத்தான் செய்யும். கூடத்தில் வேலை செய்த ஆள் இதை அறிந்தவர். உள்மூலைகளில் ஒரு துண்டைச் சுவரில் நேராக முட்டவிட்டு, அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்கு ஏற்றபடி குடைந்து மேலே உட்கார வைத்திருந்தார். அந்த மூலைகளில் இன்றுவரை கோடு தெரியவில்லை. கணப்புச் சுவர் முன்னே துருத்துகிற வெளிமூலைகளில் அப்படிக் குடைய முடியாது, சாய்த்து வெட்டித்தான் சேர்க்க வேண்டும். அங்கே மாசியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது, கார்த்திகையில் நுழைவதில்லை. மரம் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதற்கு நான் மெனக்கெடுவதில்லை.

சமையலறைக்கு இந்த முறை பாலியூரிதேன் என்ற இறுகிய நுரைப் பிளாஸ்டிக் கார்னிஸ். ஈரம் குடிக்காது, எடையும் இல்லை, மெல்லிய பல் ரம்பத்தால் வெட்டலாம். வெட்டும்போது மச்சில் படும் விளிம்பு கீழே இருக்கும்படி தலைகீழாக வைக்க வேண்டும். ஆசாரி டீ குடிக்கப் போன நேரத்தில் நான் நேராக வைத்து இரண்டு துண்டைப் பாழாக்கினேன்.

டைல்ஸ் படிக்கு ஆசாரி இரண்டு வழி சொன்னார். பூச்சுச் சுவரில் அதே கனத்துக்குப் பட்டை அடித்து, கார்னிஸை ஒரே நேராக ஓட்டலாம். இல்லையென்றால் டைல்ஸுக்கு முன்பே கார்னிஸை நிறுத்தி, முனையைச் சுவர்ப்பக்கம் மடக்கி மூடிவிடலாம். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு சேர ஒரு வளைவு எதற்கு? மடக்குக்கு வெட்டும் துண்டு பிஸ்கட் அளவுதான் இருக்கும், மூன்று உடைந்து நான்காவது தேறியது. ஒட்டி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்த பிறகு அந்த முனை முதலிலிருந்தே அங்கே இருந்தது போல இருக்கிறது. பரண் முட்டும் இடத்திலும் இதே மடக்குதான்.

சந்துகளை அடைக்கும் பசையில்தான் இன்னொரு பாடம். பூச்சுச் சுவரில் அக்ரிலிக், அதன்மேல் பெயிண்ட் பிடிக்கும். டைல்ஸும் மச்சும் சேரும் கோட்டில் சிலிக்கான், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, நிறம் பார்த்து வாங்க வேண்டும். டைல்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு இழுத்ததால் இரண்டு வருடமாக எங்கும் பெயரவில்லை. ஆனால் பூஞ்சை தாங்கும் வகையைக் கேட்டு வாங்காமல் விட்டேன். சன்னல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது, தேய்த்தாலும் போகவில்லை. பங்குனியில் சுவர் காய்ந்ததும் அந்த ஒரு சாணை மட்டும் பிளேடால் உரித்துவிட்டுப் புதிதாக இழுக்கப் போகிறேன்.