ஆர்சிபிஎஸ் ராக் சக்கர்: தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கலாமா?

டெக்சாஸில் .308 ரைஃபிளால் இலக்குச் சுடும் எனக்கு, சுட்ட உறையை மீண்டும் தோட்டாவாக்க உதவும் இந்த வார்ப்பிரும்பு பிரஸ் (கையால் இயக்கும் அழுத்து இயந்திரம்) ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு டை (உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) மட்டும்தான் மாட்ட முடியும் என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே பாதுகாப்பு. சுட்ட பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது கைப்பிடியை அழுத்தித்தான் இறக்க வேண்டும், ஆனால் பிரஸ் துளியும் ஆடாது. உறைக்கு மசகு தடவாமல் விட்டால் டைக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே எடுப்பது பெரும்பாடு.

சரி, வாங்கலாமா? 9 மி.மீ. கைத்துப்பாக்கி மட்டும் சுடுபவருக்கு வேண்டாம் என்பேன். கடைத் தோட்டாவே மலிவு. மிச்சமாகும் காசு செலவழிக்கும் நேரத்துக்கு ஈடாகாது. 2020க்குப் பிறகு பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) கிடைக்காமல் பலர் அலைந்ததையும் நினைத்துப் பாருங்கள். துல்லியம் தேடுபவருக்கோ இது அருமையான பொழுதுபோக்கு. தன் ரைஃபிளுக்கு எந்தக் குண்டு, எவ்வளவு வெடிமருந்து ஒத்துவருகிறது என்று பொறுமையாகக் கண்டுபிடிக்கலாம்.

அப்புறம், நல்ல தராசும் வெடிமருந்து நிறுவனம் வெளியிடும் அளவு அட்டவணையும் கட்டாயம் வேண்டும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மருந்து மாறிப்போனால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம்.