தண்டையார்பேட்டையில் 20 டிகிரி கிடையாது: ஒரு மைக்ரோஃப்ளூயிடிக் சிமுலேஷன் மென்பொருளோடு சில வருடங்கள்

மென்பொருளின் பெயர் வேண்டாம். லேப்-ஆன்-சிப், அதாவது மெல்லிய சேனல்களில் துளித்துளியாகத் திரவத்தை ஓட்டிச் சோதனை செய்யும் சின்னச் சிப், டிசைன் செய்பவர்கள் ஓட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கக் காசு கொடுத்து வாங்கும் பேக்கேஜ்களில் ஒன்று. லைசென்ஸ் விலை குறைந்திருக்கிறது, “மச்சான், வாங்கலாமா?” என்று ராயபுரத்து நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கோபம். புது மாடல் திறந்தால் வெப்பநிலைப் பெட்டியில் 293.15 கெல்வின் வந்து உட்கார்ந்திருக்கும். அதாவது 20 டிகிரி. மார்கழி விடியற்காலையில்கூட என் தண்டையார்பேட்டை அறை அந்தப் பக்கம் போனதில்லை. மாற்றி வைத்தாலும், இன்னொரு ஸ்டடி (கணக்கு ஓட்டம்) சேர்த்தால் சத்தமில்லாமல் பழையபடி 20. சப்போர்ட்டுக்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் வந்த அப்டேட்களிலும் அதே கதைதான்.

இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரின் பாகுநிலை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, 20 டிகிரியில் சுமார் 1 மில்லிபாஸ்கல்-விநாடி, 30-ல் 0.8, 35-ல் 0.72. சிரிஞ்ச் பம்ப் வைத்துத் தள்ளினால் ஓட்டத்தைப் பம்பே முடிவு செய்துவிடும், பெரிய பாதகமில்லை. நான் செய்வது பம்ப் இல்லாத சிப். எண்ணூர் பக்கம் ஏசி இல்லாத கிளினிக்கில், 10 செ.மீ. நீர்மட்டம் தரும் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் அழுத்தத்திலேயே அது ஓட வேண்டும். அழுத்தம் மாறாமல் பாகுநிலை மட்டும் குறைந்தால் 30 டிகிரியில் ஓட்டம் கால்வாசி கூடும். மே மாதத்து 35-ல் கிட்டத்தட்ட 40 சதவீதம்.

இதில் கலப்பு மட்டும் தப்பித்துவிடும். ஓட்டம் வேகமாகும் அளவுக்கு மூலக்கூறுகளின் பரவலும் வேகமாகிறது, அதனால் இரண்டு திரவங்கள் கலக்கத் தேவையான சேனல் நீளம் பெரிதாக மாறாது. வினை நடக்கும் அறைக்கு அந்தச் சலுகை கிடையாது. தேடும் பொருளை ஆன்டிபாடி என்ற புரதம் பிடித்துக்கொள்ள 5 நிமிடம் என்று கணக்குப் போட்ட இடத்தில் மே மாதம் மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும். நோயாளிக்குப் போகும் ரிசல்ட் இது. இதைப் பார்த்துப் பார்த்துக் கையால் திருத்த வேண்டியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். சேனல் உயரத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் வசதி அருமை. 100 மைக்ரான் அகலச் சேனலில் உயரம் 50-க்குப் பதில் 45 மைக்ரானாக வந்தால் ஓட்டத்தடை சுமார் 30 சதவீதம் ஏறும். உயரம் குறையக் குறைய, ஏறக்குறைய அதன் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் தடை ஏறுகிறது. இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முழு வளைவும் தயார். சிப்பை வார்க்கும் அச்சைச் செய்து தருபவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, “அண்ணே, 2 மைக்ரானுக்கு மேல் தப்பக் கூடாது” என்று சொல்ல முடிகிறது. அவரும் அளந்து தருகிறார். வேறு எந்தக் கருவியும் எனக்கு இந்த உதவியைச் செய்ததில்லை.

நுண்துளிகள் விஷயத்தில் சுமார்தான். சிப் செய்யும் சிலிகான் ரப்பரான பிடிஎம்எஸ், பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) காட்டியதும் முதலில் தண்ணீரை நன்றாக ஏற்கும், நாள் போகப் போகப் பழையபடி விலக்க ஆரம்பிக்கும். மென்பொருளோ தொடுகோணத்துக்கு (துளி பரப்பைத் தொடும் கோணம், பரப்பு தண்ணீரை ஏற்கிறதா விலக்குகிறதா என்று சொல்வது) ஒரே எண்ணைக் கேட்டு நிற்கிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவனுடையது நேர்ச்சேனல்களின் வலைப்பின்னல். ஒவ்வொரு சேனலையும் மின்தடை மாதிரி எடுத்துக்கொண்டு எக்செல்லிலேயே முடித்துவிடலாம், வெப்பநிலைக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும், அது தானாக 20-க்குத் திரும்பாது. என் லைசென்ஸ் மார்ச்சில் முடிகிறது. உயரக் கணக்குக்கு அது இல்லாமல் கஷ்டப்படுவேன். ஆனாலும் அந்தப் பெட்டியைச் சரிசெய்யும்வரை புதுப்பிக்க மனசில்லை.