250-ஐ 125 என்று சொன்ன கருவி: எலி ஈசிஜி, ஒன்பது மாத அனுபவம்

சர்வீஸுக்கு இன்னும் அவர்களையேதான் கூப்பிட வேண்டியிருக்கிறது, அதனால் கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு சேனல் பயோ ஆம்ப்ளிஃபையர் (உடலின் மெல்லிய மின் சிக்னலைப் பெருக்கிக் காட்டும் பெட்டி), ஊசி எலக்ட்ரோடு, கூடவே ஒரு சாஃப்ட்வேர். எங்கள் பார்மகாலஜி லேபில் மயக்கம் கொடுத்த விஸ்டார் (ஒரு வகை ஆய்வக எலி) எலிகளுக்கு ஈசிஜி எடுக்க வாங்கியது.

அதற்கு முன் மனிதர்களுக்கான பழைய மெஷின்தான். அதில் பேப்பர் வினாடிக்கு 25 மி.மீ. ஓடும். நிமிடத்துக்கு 250 முறை துடிக்கிற இதயத்துக்குத் துடிப்புக்குத் துடிப்பு வெறும் 6 மி.மீ. எல்லா அலையும் சீப்புப் பல் மாதிரி நெருக்கியடித்து நிற்கும்; எதை அளப்பது? புதியதில் வினாடிக்கு 2,000 புள்ளி வைத்து எடுக்கிறோம். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் வரும் குட்டி மேடான பி அலை தனியாகத் தெரிந்த அன்று கைடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் முதல் நாள் கதை வேறு. கீட்டமின், சைலசின் என்ற மயக்க மருந்துகள் போட்டு, கண்ணுக்குக் களிம்பு தடவி (கண் திறந்தேதான் இருக்கும், காய்ந்துவிடும்), வலது முன்னங்காலில் நெகட்டிவ், இடது பின்னங்காலில் பாசிட்டிவ், வலது பின்னங்காலில் எர்த் என்று லீட் டூ (ஈசிஜியில் வழக்கமான ஓர் இணைப்பு முறை) போட்டோம். திரை முழுக்கக் கரகரப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரியாக 12 குட்டி மேடு. 240 மில்லி செகண்டில் 12 என்றால் 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டுக் கரண்டேதான். டெமோவுக்கு வந்தவர் 'நாட்ச் ஃபில்டர் போடுங்க மேடம்' என்றார். அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டியெடுக்கும் வசதி அது. போட்டேன், கோடு சுத்தமானது. கூடவே துடிப்பின் உயரமான முனையான ஆர் அலையும் குட்டையானது. எலியின் கியூஆர்எஸ்ஸே (ஆர் அலையும் அதன் இரு பக்கச் சரிவும் சேர்ந்த பகுதி) ஏறத்தாழ 20 மில்லி செகண்ட்தான். 50 ஹெர்ட்ஸை வெட்டினால் அதில் பாதி போகாமல் என்ன செய்யும்?

குற்றவாளி எலிக்கு அடியில் இருந்த எலக்ட்ரிக் ஹீட்டிங் பேட். பிளக்கைப் பிடுங்கியதும் கரகரப்பு நின்றது. ஆனால் மயக்கத்தில் எலி சட்டென்று குளிர்ந்துவிடும், துடிப்பும் இறங்கும். கையுறையில் வெந்நீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, துணி சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வைத்தேன். மலக்குடல் தெர்மாமீட்டர் 37-ஐ விட்டு நகரவில்லை. இன்றுவரை அதே முறைதான்.

சாஃப்ட்வேரில்தான் எனக்குத் தீராத கோபம். மூன்றாவது எலியில் ஹார்ட் ரேட் 125 என்று காட்டியது. போச்சு, டோஸ் கூடிவிட்டது என்று பதறினோம். மூச்சு சீராக ஓடுகிறது, பாதமும் ரோஸ் நிறத்திலேயே இருக்கிறது. 10 வினாடியை நிறுத்தி விரல் வைத்து எண்ணினேன்: 42 ஆர் அலை. அதாவது 252. செட்டிங் 'மனிதன்' என்று இருந்திருக்கிறது! அந்த செட்டிங்கில் சாஃப்ட்வேர் ஒரு துடிப்புக்குப் பிறகு 300 மில்லி செகண்ட் கண்ணை மூடிக்கொள்ளும்; எலியின் அடுத்த துடிப்பு அதற்குள் வந்து போய்விடும். ஒன்று விட்டு ஒன்றை எண்ணியிருக்கிறது. விலங்கு லேபுக்கென்று விற்கிற பெட்டியை ஏன் மனிதன் செட்டிங்கில் அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.

கியூடி எண்ணையும் (கியூஆர்எஸ் தொடங்கி டி அலை முடியும் வரையான நேரம்) அப்படியே எடுக்காதீர்கள். எலிக்கு எஸ், டி அலைகளுக்கு நடுவில் மனிதன் மாதிரி தட்டையான எஸ்டி பகுதி கிடையாது. எஸ் அலை முடியும் இடத்திலேயே டி தொடங்கிவிடும், சாஃப்ட்வேர் வைக்கிற குறி தள்ளாடும். கையால் நகர்த்தித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல், துடிப்பு வேகத்துக்கு ஏற்பக் கியூடியைச் சரிசெய்யும் பாஸெட் சூத்திரத்தில் திருத்தி வேறு தருகிறது. அது 1920-இல் மனிதர்களுக்குப் போட்ட கணக்கு.

ஆனால் ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்ல மாட்டேன். இதயத் தசையைச் சேதப்படுத்த ஐசோப்ரினலின் மருந்தைக் கிலோவுக்கு 85 மி.கி. கணக்கில் இரண்டு நாள் போட்ட எலிகளில், எஸ் முடிந்து டி தொடங்கும் அந்த இடம் தூக்கி நிற்பது, மருந்து போடாத கன்ட்ரோல் எலியைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. ஊசி மட்டும் தோலுக்கு அடியிலேயே நிற்கட்டும், தசைக்குள் போனால் தசைத் துடிப்பும் சேர்ந்து பதிவாகும்.

லீட் வயர் மகா மட்டம். ஊசி சேரும் கழுத்தில் ஐந்து மாதத்திலேயே விட்டுப்போனது. புது செட் வாங்கினால் என் ஸ்டைபண்டில் பாதி காலி. வாரன்டியில் வராதாம், 'கன்ஸ்யூமபிள்' என்கிறார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் சால்டரிங் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டுக் கொடுத்தார். நான்கு மாதமாக அதில்தான் ஓடுகிறது.

ஆம்ப்ளிஃபையருக்கு 5-க்கு 4. சாஃப்ட்வேருக்கு 2. வயருக்கு மார்க் கிடையாது.