அப்பாயிக்குப் பகலில் படுக்க இடம் உண்டா? குடும்ப ஒன்றுகூடலுக்கு நாங்கள் பார்த்த நான்கு இடங்கள்

மலேசியாவின் ஜோகூரிலிருந்து ஒரு வேன், சிரம்பானிலிருந்து இரண்டு கார், இங்கே சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட், தெம்பனிஸ் என்று மூலைக்கொரு வீடு. கைக்குழந்தை முதல் 86 வயது அப்பாயி வரை எங்கள் குடும்பத்தில் 47 பேர். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவது வழக்கம். நான்கு ஆண்டுகளில் நான்கு இடங்கள் பார்த்துவிட்டோம். முதலில் தேக்கா பக்கம் ஓர் உணவகம், அடுத்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பிறகு பாசிர் ரிஸ்ஸில் ஒரு சாலே (வாடகைக்கு எடுத்துத் தங்கும் விடுமுறை வீடு), கடைசியாக அங் மோ கியோவில் அப்பாயி குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளம், அதாவது வீடுகள் இல்லாமல் தூண்களோடு திறந்து கிடக்கும் பொது இடம். நான்கு முறையும் ஏற்பாடு என்னுடையது. யார் என்ன சொன்னாலும் இனி என் ஓட்டு கீழ்த்தளத்துக்குத்தான்.

உணவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், குளிரூட்டி இருக்கிறது. பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறும். 47 பேருக்கு அது சின்னத் தொகை இல்லை. பணத்தைவிட நேரம்தான் எனக்கு உறுத்தியது. பாயசம் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த முன்பதிவுக்காரர்கள் வாசலில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். சிரம்பான் மாமா அதிகாலையில் கிளம்பி, ஜோகூர் கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்தவர். அவரை இரண்டு மணி நேரத்தில் வழியனுப்பி வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பிள்ளைகளுக்குச் சொர்க்கம். கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கரை. சைக்கிள், மணல், காற்று. பார்பிகியூ அடுப்பு இருக்கும் இடத்தைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்துகொள்ளலாம், செலவும் குறைவு. ஆனால் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று மணிக்கு வானம் கறுத்தது, மூன்றேகாலுக்குக் கரி நனைந்தது, ஊறவைத்த கோழி முழுவதும் வீட்டுக்குத் திரும்பியது.

மழையைக்கூட மன்னித்துவிடலாம். அன்று மாலை காரில் அப்பாயியின் கையைப் பிடித்தபோது தோல் வறண்டு சுருங்கிக் கிடந்தது. காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டேன். குடிக்கவில்லையாம். கழிவறை தூரம், புல்லிலும் மணலிலும் சக்கர நாற்காலியைத் தள்ளப் பிள்ளைகள் சிரமப்படுவார்கள், அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிறுத்திக்கொண்டாராம். நாங்கள் 46 பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் அவர் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அப்பாயி பகலில் படுக்கக் கதவுள்ள ஓர் அறையும், பத்தடியில் ஒரு கழிவறையும் இருக்கின்றனவா? வாடகை, சாப்பாடு, கார் நிறுத்துமிடம் எல்லாம் இதற்குப் பின்னால். காரணம் இரக்கம் மட்டும் இல்லை, கணக்கும்தான். முதியவர் களைத்துவிட்டால் அவரை வீட்டில் சேர்க்க ஒரு கார் கிளம்ப வேண்டும். அந்தக் காரோடு பெரியப்பா போவார், பெரியம்மா போவார், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போவார்கள். அப்பாயி போய்விட்டார், இனி நாம் எதற்கு என்று அத்தை எழுந்திருப்பார். கால் மணி நேரத்தில் பாதிக் கூட்டம் கரைந்துவிடும். உணவகத்திலும் பூங்காவிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றுகூடல் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தீர்மானிப்பது குடும்பத்திலேயே மூத்தவரின் முதுகு.

அந்தக் கணக்கில்தான் மூன்றாம் ஆண்டு சாலே எடுத்தோம். படுக்கை இருக்கிறது, கழிவறை இருக்கிறது, இரவும் தங்கலாம். இளையவர்களுக்கு இன்றுவரை அதுதான் பிடித்த இடம். நள்ளிரவு தாண்டியும் சித்தப்பா மகன்கள் கேரம் ஆடினார்கள், அந்தச் சந்தோஷம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் நாங்கள் எடுத்த சாலேயில் படுக்கையறைகள் மாடியில் இருந்தன, ஏறப் படிக்கட்டு மட்டும்தான். அப்பாயியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறியவர் மறுநாள் காலை வரை இறங்கவில்லை. கீழே நாங்கள் பேசுவது அவர் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். தரைத்தளத்திலேயே அறை கிடைத்திருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கக்கூடும். ஒரே ஒரு முறை போனதை வைத்துச் சாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறையில் முன்பதிவு கிடைப்பதும் ஜூரோங் வெஸ்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வருவதும் தனிப் பாடு.

சமூக மன்றத்து மண்டபத்தையும் பெரியப்பா சொன்னார். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு விருந்தாளியாகப் போன அனுபவம்தான் எனக்கு. மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டிய குடும்பங்களுக்கு நன்றாக அமையும் என்று தோன்றியது.

கீழ்த்தளம் என்ற பேச்சை எடுத்ததும் அத்தை முகம் மாறியது. தாத்தா காலமானபோது அவரைக் கிடத்தியது அதே இடத்தில்தான். "அப்பாவைக் கிடத்திய இடத்தில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?" என்றார். இந்த ஊரில் பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. ஒரு வாரம் சீனரின் துக்கம், அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே மலாய்க் கல்யாணம் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் நம் வீட்டுக்கு என்று வரும்போது மனம் பின்வாங்குகிறது. அத்தையின் பேச்சுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அப்பாயிதான் சொன்னார்: "நான் தினமும் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, உனக்கு என்ன?"

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது முன்பு முடிந்திருக்காது. அங் மோ கியோ 1970களில் எழுந்த குடியிருப்புப் பேட்டை. அப்பாயி வீடு எட்டாவது தளம், மின்தூக்கியோ ஆறாவது தளத்தில் நின்றுவிடும், மீதி இரண்டு மாடியும் படி. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கும் வந்து, எல்லாத் தளத்திலும் கதவு திறந்த பிறகுதான் கீழ்த்தளமும் வீடும் ஒன்றாயின.

நகர மன்றத்தில் அனுமதிக்கு விண்ணப்பித்தோம். மேசை நாற்காலி வாடகைக்கு வந்தது. சித்தப்பா மருமகள் மலாய்க்காரர் என்பதால் ஹலால் சமையல்காரரிடம் பிரியாணி, அப்பாயிக்கும் அத்தைக்கும் தனியாகச் சைவச் சாப்பாடு. அன்றைய தேதியில் புளோக்கில் யாருக்காவது துக்கம் நேர்ந்தால் இடத்தை விட்டுக்கொடுத்துவிடுவது என்று முன்பே முடிவு செய்து, ஓர் உணவகத்திலும் சொல்லி வைத்திருந்தேன்.

அங்கே சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று இருக்கிறது. அப்பாயி காலை பத்தரைக்கே இறங்கி வந்து அதில் தன் கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் அந்த மேசைக்கு வந்து காலைத் தொட்டு வணங்கினார்கள். புட்டி பன்னிரண்டு மணிக்குள் காலியாயிற்று. நானே மேலே போய் நிரப்பி வந்தேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். இருவரும் நாற்பது வருடமாகப் பேசும் பாஸார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேசிக்கொண்டார்கள். வேறு எந்த இடத்துக்குப் போயிருந்தாலும் அந்த அம்மா வந்திருக்க முடியாது.

இரண்டு மணிக்கு அப்பாயி மேலே போனார். யாரும் கார் சாவியைத் தேடவில்லை. அவருடைய கட்டில், அவருடைய தலையணை. நான்கரை மணிக்கு மின்தூக்கிக் கதவு திறந்தபோது வேறு சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு நின்றார். "டீ போட்டாயிற்றா?" என்றுதான் முதலில் கேட்டார். சிரம்பான் மாமா ஒன்பது மணி வரை இருந்தார். அவர் அப்பாயியிடம் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கீழ்த்தளத்தில் கழிவறை கிடையாது. 47 பேரும் ஒரே வீட்டுக்கு ஏறி இறங்கியதில் மதியம் வாசலில் வரிசை நின்றது. காற்று அடங்கிய நேரத்தில் புழுக்கம் தாங்கவில்லை. குழந்தைகள் ஓடிப் பிடித்த சத்தத்துக்கு இரண்டாவது தளத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு தட்டு பிரியாணி கொண்டு போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். இரவு பெருக்கித் துடைத்து முடிக்கும்போது இடுப்பு ஒடிந்துவிட்டது. புதிய பேட்டைகளில் கீழ்த்தளம் சிறியதாகவோ, குழந்தைப் பராமரிப்பு நிலையம் வந்ததாகவோ இருக்கிறது; அங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி அப்படியே பொருந்தும் என்று உறுதி தர முடியாது. மூத்தவர் தனியார் வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருந்தாலும் கணக்கு வேறு.

இந்த டிசம்பருக்கும் அதே கீழ்த்தளம்தான். இரண்டாக இருந்த பெரிய மின்விசிறியை நான்காக்கச் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பாட்டி தன் வீட்டுக் கழிவறையையும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேதி மட்டும் ஜோகூர் சித்தியிடமிருந்து வர வேண்டும்.