ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு தோட்டம் என்றால்: சிசிங்ஹர்ஸ்டா, கிரேட் டிக்ஸ்டரா?

அம்மா ஆகஸ்ட் நடுவில் லண்டன் வந்தாள். கியூ தோட்டத்தை முதல் வாரமே காட்டியாயிற்று. "இன்னொரு நல்ல தோட்டம் இருந்தா காட்டுடா, இம்புட்டுக் கூட்டம் இல்லாததா" என்றாள். அவள் நிலக்கோட்டைப் பக்கம். தாத்தா காலத்தில் மல்லிகையும் செண்டுமல்லியும் போட்டு விடியற்காலைச் சந்தைக்கு அனுப்பிய வீடு. புல்தரையையும் நாலு ரோஜாவையும் காட்டி அவளை ஏமாற்ற முடியாது. எனக்குக் கிடைத்தது ஒரு நாள் விடுப்பு. தென்கிழக்கு இங்கிலாந்தில் தோட்டம் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் பெயர்கள் இரண்டு: கென்ட்டில் சிசிங்ஹர்ஸ்ட், கிழக்கு சசெக்ஸில் நார்தியம் ஊரில் இருக்கும் கிரேட் டிக்ஸ்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் அரை மணி நேரம் போல ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம்தான், எழுபது வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால்.

நான் டிக்ஸ்டரைத் தேர்ந்தெடுத்தேன். ஜூன் மாதம் என்றால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி போயிருக்கும்.

சிசிங்ஹர்ஸ்டின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930-ல் பாழடைந்து கிடந்த இடத்தை வாங்கினார்கள். கணவர் கோடு போட்டார், மனைவி அதை நிரப்பினார். செங்கல் மதிலும் யூ என்ற ஊசியிலை மர வேலியும் பிரித்துவைத்த அறை அறையான தோட்டம். 1938-ல் ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். 1967-ல், பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்குப் போனது. வெள்ளைத் தோட்டம் உலகப் புகழ். அதன் நடுவில் பந்தல் மேல் ஏறிக் கிடக்கும் ரோஜா ஜூலை தொடக்கத்தில் பூத்துக் கொட்டும்போது எதிரே நின்றால் பேச்சு வராது. நான் நின்றிருக்கிறேன்.

சிக்கலும் அங்கேதான். வீட்டாவுக்குப் பிடித்தவை பழங்கால ரோஜாக்கள். அவற்றில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறை, ஜூனை ஒட்டி, பூத்து முடித்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் அந்த ரோஜாப் பகுதி இலையும் முள்ளுமாகத்தான் இருக்கும். அப்போது வெறிச்சோடிப் போகிறது என்று சொன்னால் அநியாயம். காட்டேஜ் கார்டன் என்ற சிறு பகுதி சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று செப்டம்பரிலும் எரிந்துகொண்டிருக்கும். கிரேக்கத் தீவை நினைத்து 1930களில் ஆரம்பித்துச் சரிவராமல் போன டெலோஸ் பகுதியை, வடிவமைப்பாளர் டேன் பியர்சனின் துணையோடு இப்போது புதிதாகக் கல்லும் வறண்ட நிலச் செடியுமாக எழுப்பியிருக்கிறார்கள். கோபுரத்தில் 78 படி ஏறினால் தோட்டத்தின் கோடுகள் முழுக்கத் தெரியும். ஆனால் நான் செப்டம்பரில் அங்கே போனது ஒரே முறை, அதுவும் முந்தின நாள் அடித்த மழையில் பூவெல்லாம் தலைசாய்ந்து கிடந்த நாள். இந்தப் பக்கத்தில் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள்.

டிக்ஸ்டர் வேறு சாதி. 1910-ல் நதானியல் லாயிட் என்பவர் வாங்கிய பழைய மரச்சட்ட வீடு. அதைச் செப்பனிட்டு விரிவாக்கியவர் எட்வின் லுட்யென்ஸ், நம் டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டிய அதே ஆள். அந்த வீட்டில் 1921-ல் பிறந்த கடைசி மகன் கிறிஸ்டோபர் லாயிட் 2006-ல் இறக்கும்வரை தோட்டமே வாழ்க்கையாக இருந்தார், தோட்டக்கலை பற்றி ஏராளமாக எழுதினார். 1990களில் அவரும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டும் ஒரு காரியம் செய்தார்கள். பழைய மாட்டுப் பட்டியில் லுட்யென்ஸ் வடிவமைத்திருந்த ரோஜாத் தோட்டத்தின் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கல்வாழை, டாலியா, வாழை, பெரிய இலைச் செடிகள் என்று நிரப்பினார்கள். இங்கிலாந்தில் ரோஜாவைப் பிடுங்குவது நம்மூரில் கோயில் வில்வத்தை வெட்டுகிற மாதிரி. பலருக்குக் கோபம் வந்தது. எக்ஸாடிக் கார்டன் என்ற அந்த இடம் உச்சத்துக்கு வருவது சரியாக ஆகஸ்ட், செப்டம்பரில்.

உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டாள். தலைக்கு மேல் வாழை இலை, பக்கத்தில் சிவந்த தண்டோடு ஆமணக்கு, கீழே கருநிறச் சேம்பு, நடுவே கல்வாழை. மேலே போட்டிருந்த ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, "இதுக்கா காசு கொடுத்து வந்தோம்? நம்ம கெணத்து மேட்ல குளிக்கிற தண்ணி ஓடுற எடத்துல இதத்தானடா வெட்டி வெட்டிப் போடுவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு. அந்த வாழை ஜப்பான் வாழை, தின்னப் பழம் வராது, குளிர்காலத்தில் காய்ந்த பெரணி இலையைச் சுற்றிக் கட்டிக் காப்பாற்றுகிறார்கள் என்று சொன்னேன். டாலியாக் கிழங்கைப் பனிக்காலத்துக்கு முன் தோண்டி எடுத்து உள்ளே பத்திரப்படுத்துவார்கள் என்றும் சொன்னேன். "வாழைக்குப் போர்வையா" என்று இலையைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேலி குறைந்தது.

டிக்கெட் விலை, டீக்கடை, கழிப்பறை இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினருக்குச் சிசிங்ஹர்ஸ்ட் இலவசம், டிக்ஸ்டர் தனி அறக்கட்டளை, காசு கொடுத்தே ஆக வேண்டும். அட்டை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம்தான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கோடைக் கடைசி வரை பாத்தியை யார் எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது.

டிக்ஸ்டரின் லாங் பார்டர் சுமார் 64 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம். அந்தப் பாத்தியில் ஒரு சாண் மண் சும்மா இருப்பதில்லை. வசந்தத்தில் டியூலிப் பூத்த இடத்தில் ஜூனில் கசகசா இனச் செடிகள் தாமாக விழுந்த விதையில் முளைத்து நிற்கும். அவை முடிந்ததும் பிடுங்கிவிட்டு, நர்சரியில் தொட்டியில் வளர்த்துத் தயாராக வைத்திருக்கும் டாலியா, கல்வாழை, செண்டுமல்லியை இறக்குவார்கள். ஒன்று முடியும் முன்னே அடுத்தது அதன் மடியில் வளர்ந்துகொண்டிருக்கும். நம் ஊடுபயிர்க் கணக்குதான், விளைச்சல் பூவாக இருக்கிறது, அவ்வளவே. வீட்டு வாசலில் அடுக்கியிருக்கும் தொட்டிகளும் இப்படியே. வாடத் தொடங்கியதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். ஜூனில் பார்த்தவர் செப்டம்பரில் வந்தால் வேறு வாசல்.

இதற்கு ஆள் வேண்டும், அதுவும் தெரிந்த ஆள். அங்கே பயிற்சிக்கு வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள் நிறைய. நாங்கள் போனபோது ஒரு பெண் வாளியும் கத்திரியுமாக டாலியாப் பாத்திக்குள் முழங்கால் வரை இறங்கி, முடிந்த பூக்களை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். டாலியாவில் மொட்டுக்கும் வாடி மூடிய பூவுக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. நான் பலமுறை என் தொட்டியில் மொட்டை நறுக்கிவிட்டு நொந்திருக்கிறேன். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து நிமிடம் பார்த்தாள். "உருண்டையா பொத்தான் மாதிரி இருக்கிறது மொட்டு. கூம்பா முனை நீண்டு நிக்கிறது முடிஞ்சது. அந்தப் பிள்ள கூம்பத்தான் வெட்டுது" என்றாள். பிறகு, "பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். பறிக்காம விட்டா வெத வச்சிட்டு செடி அத்தோட நின்னுரும். நாங்க சந்தைக்குப் பறிச்சோம், இவங்க வாளிக்குப் பறிக்கிறாங்க."

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பாத்தி பூத்திருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த வாளியில்தான் இருக்கிறது. வேறொரு தோட்டம், பெயர் வேண்டாம், முந்தைய செப்டம்பரில் முழு டிக்கெட் எடுத்துப் போனேன். டாலியா பத்தில் எட்டு பழுப்புக் கூம்பு. அழகான இடம், வெட்ட ஆள் இல்லை. சிசிங்ஹர்ஸ்டில் அப்படி ஒருநாளும் இருக்காது, அங்கேயும் கை தேர்ந்தவர்கள்தான். ஆனால் அங்கே அவர்கள் காப்பாற்ற வேண்டியது வீட்டாவின் ஜூன் மாதத்தை. டிக்ஸ்டருக்கு அந்தச் சுமை இல்லை. ரோஜாவையே பிடுங்கிய வீடு.

டிக்ஸ்டரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாதைகள் ஒடுக்கம். செடி பாதி வழியில் சாய்ந்து நிற்கும், மழை பெய்திருந்தால் இடுப்பு வரை நனையும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் சில இடங்கள் சிரமம். நிறங்கள் ஒன்றோடொன்று மோதும். மெஜந்தா பக்கத்தில் ஆரஞ்சு. என் மனைவிக்கு அது தலைவலி, அவள் ஓட்டு எப்போதும் சிசிங்ஹர்ஸ்டின் வெள்ளைத் தோட்டத்துக்கே. வீட்டைச் சுற்றியிருக்கும் புல்வெளியில் வசந்தத்தில் ஆர்க்கிட் பூக்கும் என்று கேட்டு ஆசையாக வந்தால், ஆகஸ்டில் விதை உதிர்ந்த பிறகு புல்லை அறுத்துவிடுகிறார்கள், வைக்கோல் நிறம்தான் இருக்கும். யூ மரத்தில் வெட்டிச் செதுக்கிய மயில்கள் மட்டும் எப்போதும் போல நிற்கும்.

குழந்தைகள் இருந்தால் இரண்டுமே வேண்டாம், கியூவுக்கே போங்கள். 330 ஏக்கர், ஓட இடம் உண்டு, அல்லிக் கண்ணாடி வீட்டில் ராட்சத இலைகள் இந்தப் பருவத்தில்தான் முழு அளவில் விரிந்திருக்கும். மஞ்சள் பலகை மாட்டி ஒருநாள் திறந்துவிடும் தனியார் வீட்டுத் தோட்டங்களும் உண்டு. செவிலியர் அறப்பணிக்காக 1927-ல் தொடங்கிய ஏற்பாடு. டீயும் கேக்கும் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல கோடைத் தொடக்கத்தில்தான் திறக்கும்.

கார் இல்லாதவர்களுக்கு: சிசிங்ஹர்ஸ்டுக்கு ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ஸ்டேஷன், டிக்ஸ்டருக்கு ரை ஸ்டேஷன். இரண்டிலும் ரயிலுக்குப் பிறகு பஸ் அல்லது டாக்சி. பஸ் அடிக்கடி இல்லை, திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்ஸ்டர் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும், வங்கி விடுமுறை என்ற பொது விடுமுறைத் திங்கள் தவிர. ஆகஸ்ட் கடைசித் திங்கள் அப்படி ஒரு விடுமுறை, அன்று போகாதீர்கள், கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. பள்ளி திறந்த பிறகு செப்டம்பர் முதல், இரண்டாம் வாரத்தில் ஒரு வேலைநாள், மதியம் மூன்று மணிக்கு மேல், வெயில் சரிந்து கல்வாழை இலைக்குள் புகுந்து வரும். நாங்கள் போனது அப்போதுதான். அக்டோபரில் போனதில்லை, அதனால் அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

வெளியே வரும் வழியில் நர்சரி. அம்மா ஒரு சேம்புத் தொட்டியைத் தூக்கினாள். விலைச் சீட்டைப் படித்தாள், மனதுக்குள் நூறால் பெருக்கினாள், தொட்டியைச் சாய்த்து அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். "கெழங்கே இன்னும் வைக்கல" என்று இறக்கி வைத்துவிட்டுக் கார் பக்கம் நடந்தாள்.