மூலப்பாறைத் தரவு எங்கே எடுப்பது: அமெரிக்காவா, ஆஸ்திரேலியாவா?

கச்சா எண்ணெய், எரிவாயு, அவை உருவாகும் மூலப்பாறை ஆகியவற்றின் ஆய்வக முடிவுகளைக் காசு கொடுக்காமல் எங்கே எடுக்கலாம்? பெட்ரோலியப் புவியியல் படிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். நான் கைகாட்டுவது இரண்டு இடங்களை. ஒன்று, அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் எரிசக்திப் புவிவேதியியல் தரவுத்தளம். மற்றொன்று, ஜியோசயின்ஸ் ஆஸ்திரேலியா திறந்து வைத்திருக்கும் கரிமப் புவிவேதியியல் தரவு.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெயரைப் பார்த்துப் பலர் 'பெட்-டிபி' பக்கம் போய்விடுகிறார்கள். அந்தப் 'பெட்', பெட்ரோலியம் கிடையாது. பெட்ராலஜி, அதாவது பாறையியல். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமன்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தில் வளர்ந்த அந்தத் தளத்தில் கடலடிப் பசால்ட் போன்ற பாறைகளின் வேதியியல் இருக்கும். மைன்ஸில் உருவாகி இப்போது கோட்டிங்கனில் இருக்கும் 'ஜியோராக்' தளமும் எரிமலைப் பாறைகளுக்கானதே. இரண்டுமே அருமையானவை. ஆனால் எண்ணெய் எந்தக் களிப்பாறையிலிருந்து வந்தது என்று தேடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? மாதிரிகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அட்டவணையில் ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்ப்பேன். மொத்தக் கரிமக் கார்பன் 2 சதவீதம், எஸ்2 மதிப்பு 8, டிமேக்ஸ் 440 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராக்-எவல் கருவியில் ஒரு சிட்டிகைப் பாறைத்தூளை 300 டிகிரியில் வைத்தால், ஏற்கெனவே உருவாகித் தங்கிய எண்ணெய் வெளியேறும், அது எஸ்1. வெப்பத்தை மேலும் ஏற்றினால் கெரோஜன், அதாவது பாறையில் இருக்கும் திடக் கரிமப்பொருள், உடைந்து வருவது எஸ்2. அந்த வெளியேற்றம் உச்சத்தைத் தொடும் வெப்பநிலைதான் டிமேக்ஸ். எஸ்2-ஐ 100-ஆல் பெருக்கிக் கார்பன் அளவால் வகுத்தால் ஹைட்ரஜன் குறியீடு: இங்கே 400. நல்ல மூலப்பாறை, எண்ணெய் உருவாகும் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அது கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கோர் மாதிரியா, துளையிடும்போது சேற்றோடு மேலே வந்த கட்டிங்ஸா? எண்ணெய் கலந்த துளைச்சேறு என்றால் எஸ்1 ஊதிவிடும். நிலமேற்பரப்பில் வெயிலும் மழையும் பட்ட பாறை என்றால் ஹைட்ரஜன் குறியீடு சரிந்திருக்கலாம். எஸ்2 0.2-க்கும் கீழே என்றால் உச்சியே தெளிவாக இருக்காது. டிமேக்ஸை நம்ப முடியாது. இந்த விவரங்கள் இல்லாத எண் எத்தனை ஆயிரம் இருந்தும் பயனில்லை.

இந்த அளவுகோலில் ஆஸ்திரேலியாவுக்குத்தான் என் ஓட்டு. காரணம் சட்டம். அங்கே கடலில் கிணறு தோண்டும் நிறுவனம் தரவையும், கோர், கட்டிங்ஸ் மாதிரிகளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ரகசியக் காலம் முடிந்ததும் அவை பொதுவுக்கு வந்துவிடும். எண்ணில் சந்தேகம் வந்தால் கிணற்றின் அறிக்கைக்குப் போகலாம்; அனுமதி கேட்டு மாதிரியையே திரும்பப் பார்க்கவும் வழி இருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று பெயர் குறிப்பிட்டால் போதும், தரவை யாரும் பயன்படுத்தலாம். பாறைகளின் வயது வீச்சும் பெரிது: மெக்ஆர்தர் படுகையின் பார்னி கிரீக் பாறை ஏறக்குறைய 164 கோடி ஆண்டு பழையது, கிப்ஸ்லேண்ட் எண்ணெயோ நிலத் தாவரங்களிலிருந்து வந்தது. குறை, பல ஆய்வகங்களின் முடிவுகள் ஒரே அட்டவணையில் கலந்திருப்பது.

அந்தக் குறை சின்னதில்லை. 1980-களில் அலாஸ்காவின் வடசரிவு எண்ணெய்களையும் பாறைகளையும் பங்கிட்டுப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஒரே மாதிரிகள்தான். ஆனாலும் எந்த எண்ணெய்க்கு எந்தப் பாறை மூலம் என்பதில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அந்தப் பரிசோதனையை முன்னின்று நடத்தியவர்களும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்காரர்களே.

எண்ணெய், எரிவாயு, பாறை மூன்றையும் சேர்த்து வைத்து, எண்ணெயை மூலப்பாறையோடு பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கத் தளத்துக்குப் போங்கள். அமெரிக்காவுக்கு வெளியே எடுத்த மாதிரிகளும் அதில் உண்டு. உரிமக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் பல பத்தாண்டுகளில் சேர்ந்த எண்கள் என்பதால், பழைய வரியையும் புதிய வரியையும் அப்படியே ஒரே படத்தில் போட வேண்டாம். அப்புறம், அமெரிக்கக் கிணறுகளின் ஆழம் பெரும்பாலும் அடிக்கணக்கில் இருக்கும், மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 'ஏபிஐ' என்று ஒரு பத்தி இருந்தால், அது கிணற்று எண்ணா, எண்ணெயின் அடர்த்தி அளவா என்றும் பாருங்கள்.

காவிரிப் படுகையில் வேலை செய்கிறவர் முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் படுகைத் தரவை இறக்கிப் பார்க்கலாம். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்த கதையில் இரண்டுக்கும் பங்கு உண்டு. ஒரு கிணற்றை மட்டும் எடுத்து, ஆழத்துக்கு எதிரே டிமேக்ஸை வரையுங்கள். கீழே போகப் போக மதிப்பு ஏற வேண்டும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் தனியே விலகி நின்றால், அழிப்பதற்கு முன் அந்த வரியின் எஸ்2-ஐயும் மாதிரி வகையையும் பாருங்கள்.